தலைமாட்டில் உட்கார்ந்தவள்

ஜனெல் வாவ்ராவின் ஒவ்வொரு பிறந்த நாளிலும், கேக்கில் கத்தி வைப்பதற்கு முன்னால், அவள் அப்பா எமில் ஒரே கதையைச் சொல்வார். அவள் பிறந்த கதை. குழந்தை குறுக்கே கிடக்கிறது, வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்று லிங்கன் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எமிலுக்கும் ஒரு தொப்பியையும் முகமூடியையும் மாட்டி, அவர் மனைவி அர்லீனின் தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அர்லீனின் மார்புக்கு மேலே ஒரு நீலத் துணியைத் திரை மாதிரி கட்டியிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேருடைய தலை மட்டும் தெரிந்தது. இந்தப் பக்கம், எமிலுக்கு எதிரே, பூப்போட்ட தொப்பி வைத்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அர்லீனின் கையை அவள் விடவே இல்லை. இப்போது இழுக்கிற மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள் என்றாள், இழுத்தது. இப்போது குமட்டும் என்றாள்; குமட்டியது, அவளே வாயைத் துடைத்துவிட்டாள். எமிலின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து, மாட்டுக்கெல்லாம் பிரசவம் பார்த்த ஆள்தானே நீங்கள், தலையைக் குனிந்து மூச்சு விடுங்கள் என்று அவரையும் ஒரு அதட்டு அதட்டினாள்.

"அந்தப் பக்கம் இருந்தவங்க மூஞ்சி ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் இல்ல. அந்த டாக்டரம்மாவை மட்டும் மறக்கவே முடியல. நீயும் அப்படி ஒரு டாக்டரா வரணும்" என்று கதையை முடிப்பார்.

கேக் சீக்கிரம் வெட்டினால் போதும் என்று ஜனெல் தலையாட்டுவாள்.

அவர்கள் ஊரான ஹோர்கியில் அப்போது தொள்ளாயிரம் பேர். ஒரு தானியக் கிடங்கு, இரண்டு தேவாலயங்கள், பதினாறு படுக்கை போட்ட ஓர் ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டர்கள் வருவார்கள், நெப்ராஸ்காவின் குளிர்காலம் இரண்டைப் பார்ப்பார்கள், மூன்றாவது வருவதற்குள் மனைவிக்கு ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பெட்டியைக் கட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில், சோளம் விதைக்கிறவன் வீட்டுப் பெண்ணுக்கு ஒமாஹாவில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது என்றால் சும்மாவா? தேவாலயத்து அறிவிப்பில் வந்தது, வாரப் பத்திரிகையில் படத்தோடு வந்தது. ஆனால் இரண்டுக்கும் முன்னால் மார்செல்லாவின் சாப்பாட்டுக் கடையில், ஜன்னலோர வட்ட மேசையில் வந்துவிட்டது.

அந்த மேசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலை ஆறு மணிக்கு ஐந்து பேர் அங்கே கூடுவார்கள். ஒரு பழைய தோல் குவளையில் பகடைகளைப் போட்டுக் குலுக்கிக் கவிழ்ப்பார்கள். கடைசியில் தோற்றவன் எல்லோருடைய காபிக்கும் காசு தர வேண்டும். அதற்கு மேல் இன்னொரு வழக்கமும் இருந்தது. மேசையைச் சேர்ந்த ஒருவன் ராணுவத்துக்குப் போகிறானா, கோர்ட்டுக்குப் போகிறானா, ஆஸ்பத்திரிக்குப் போகிறானா, அன்று தோற்றவன் செலவில் அவனுக்கு ஒரு முழுத் தட்டு. முட்டை, பன்றிக்கறி சாசேஜ், பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியின் மேல் ஊற்றிய குழம்பு, இலவங்கப்பட்டை ரோல். மிச்சம் வைக்கக் கூடாது. ஒரு மனுஷனை வெறும் வயிற்றோடு வெளியே அனுப்புவது பாவம் என்பது அவர்கள் கட்சி. சின்ன வயதில் சனிக்கிழமைகளில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஜனெலும் அந்தக் குவளையைக் குலுக்கியிருக்கிறாள். வழியனுப்புத் தட்டுகள் பல முழுதாகக் காலியாவதை வேடிக்கை பார்த்தும் இருக்கிறாள்.

அவள் கல்லூரியில் இருக்கும்போது அர்லீன் ஒரு வியாழக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டே விழுந்து, மூளையில் ரத்தம் கட்டி, மறுநாள் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு எமிலுக்கு மிஞ்சியது இரண்டுதான். காலையில் அந்த மேசை; அந்த மேசையில் சொல்லிக்கொள்ள மகள்.

மருத்துவக் கல்லூரியில் ஜனெல் மக்கு மாணவி ஒன்றும் இல்லை. முதல் இரண்டு வருடப் பரீட்சைகளில் நன்றாகவே தேறினாள். மூன்றாவது வருடம் வார்டுகளுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் அவளுக்கு ஒரு சங்கடம் ஆரம்பித்தது. ஒரு நோயாளியிடம் பேச வாயைத் திறந்தால், அடுத்த அறைக்கு வா என்று கூப்பிடுவார்கள். அந்த அறையில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். அதற்குள் அதற்கடுத்த அறை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. டாக்டர் ஒருவர், நோயாளிகள் முப்பது பேர். ஆனாலும் அவள் நாள் முழுக்க எல்லோரையும் பார்த்துவிட்டு, யாரோடும் இருக்காமல் அறைக்குத் திரும்பினாள்.

பிரசவ வார்டில் இருந்தபோது ஒரு சிசேரியன். மாணவர்களைத் திரைக்கு அந்தப் பக்கம், கீறின இடத்தை விலக்கிப் பிடிக்கிற கொக்கியோடு நிற்க விட்டார்கள். குழந்தையை எடுத்த டாக்டர் கைதேர்ந்தவர். ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார். ஜனெல் ஒரு கணம் திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தாயின் தலைமாட்டில் ஒரு கணவன் முக்காலியில் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிரே ஒரு பெண் தாயின் கையைப் பிடித்தபடி, இப்போது இழுக்கிற மாதிரி இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.  பிறந்த நாள் தவறாமல் கேட்ட கதை கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

வெளியே வந்ததும், தலைமாட்டில் இருந்த அந்த அம்மா எந்தத் துறை டாக்டர் என்று ஜனெல் விசாரித்தாள். டாக்டர் இல்லை, மயக்க மருந்து நர்ஸ் என்றார்கள். நர்ஸுக்குப் படித்து, ஐ.சி.யு.வில் வேலை பார்த்து, அதற்கு மேல் மயக்க மருந்துக்கென்று தனியாகப் படித்தவர். ஒரு நோயாளியை எடுத்தால் அவர் கண்ணை மூடுகிறதிலிருந்து கண்ணைத் திறக்கிற வரைக்கும் அந்த ஒருவரோடுதான். மாற்று ஆள் வராமல் தலைமாட்டை விட்டு எழுந்திருக்கவே கூடாது, அதுதான் அந்த வேலையின் முதல் சட்டம்.

மூன்று வாரம் தூங்காமல் யோசித்தாள். டாக்டராகவே முடித்துவிட்டு மயக்க மருந்துத் துறைக்குப் போயேன், அங்கேயும் தலைமாடுதானே என்று அவளுடைய பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் அந்தத் துறை டாக்டர் ஒரே நேரத்தில் நாலு ஆபரேஷன் தியேட்டர்களை மேற்பார்த்துக்கொண்டு நடையாய் நடந்ததை அவள் பார்த்திருந்தாள். அதோடு, ஹோர்கி மாதிரி ஊர் ஆஸ்பத்திரிகளில் இந்த வேலையைப் பார்க்கிறது நர்ஸ்தான், தனி ஆளாக. எங்கே திரும்பிப் போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கல்லூரியில் விலகல் கடிதம் கொடுத்தாள்.

அப்பாவிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பன்றி வறுவல், மாவு உருண்டை, புளித்த முட்டைக்கோசு எல்லாம் அவரே சமைத்திருந்தார். அவர் கேட்டது இரண்டே கேள்வி.

"பரீட்சைல போயிடுச்சா?"

"இல்லப்பா."

"அவங்களா அனுப்பிட்டாங்களா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன். நர்ஸ் படிப்புல சேரப் போறேன்."

எமில் தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டார். மாடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். மாடுகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஏன் விட்டாய் என்ற மூன்றாவது கேள்வியை அவர் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு ஜனெலும் பதில் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? இருபத்தைந்து வருடமாக ஆசை ஆசையாகச் சொல்லிவந்த கதையில் நீங்கள் ஆளையே மாற்றிப் புரிந்துகொண்டீர்கள் என்று சொல்ல வேண்டும். அம்மா இருந்த கதை அது. அதில் கை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவள் பாதியில் இறங்கிவிட்டாள் என்று உலகம் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். இறங்கினவள் நர்ஸ் படிப்பு ஒன்றரை வருடம், ஐ.சி.யு.வில் மூன்று வருடம், மயக்க மருந்துப் படிப்பு மூன்று வருடம் என்று ஏறிக்கொண்டேதான் இருந்தாள். ஒரு மனிதனுடைய மூச்சை நிறுத்திவிட்டு, அவனுக்காகத் தான் மூச்சு விட்டு, பிறகு அவன் மூச்சை அவனிடமே திருப்பிக் கொடுக்கக் கற்றாள். முதல் முறை அதைச் செய்து முடித்தபோது கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பயத்தில் இல்லை. வேண்டியது கிடைத்துவிட்ட நிம்மதியில்.

பட்டமளிப்பு விழாவுக்கு எமில் வந்தார், இறுக்கிக் கட்டிய கழுத்துப் பட்டையோடு. சான்றிதழை வாங்கி ஓர் எழுத்து விடாமல் படித்தவர் முகம் திடீரென்று மலர்ந்தது. இப்போதெல்லாம் அந்தப் படிப்புக்கு முனைவர் பட்டம்தான் கொடுக்கிறார்கள். அதில் 'டாக்டர்' என்று அச்சடித்திருந்தது.

"பாத்தியா, இதுலயே போட்டிருக்கு. அப்ப நான் சொன்னது பொய் இல்ல" என்றார்.

அப்போதுதான் ஜனெலுக்கு விஷயம் வெளிச்சமாயிற்று. அவள் கல்லூரியை விட்டதை எமில் மேசையில் சொல்லவே இல்லை. ஏழெட்டு வருடமாக, ஒவ்வொரு காலையும், டாக்டரம்மா எப்படி இருக்கிறாள் என்று அவர்கள் கேட்பதும், வேலை ஜாஸ்தி என்று இவர் சொல்வதும் நடந்துகொண்டிருந்தது. அது படிப்புப் பட்டம் அப்பா, ஆஸ்பத்திரியில் அதை வைத்து டாக்டர் என்று சொல்லிக்கொண்டால் நோயாளியை ஏமாற்றுகிற மாதிரி என்று அவள் விளக்கினாள். எமில் சான்றிதழைச் சுருட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு, காரை எங்கே நிறுத்தினோம் என்று தேட ஆரம்பித்தார்.

வேறு ஊரில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். பிறகு ஹோர்கி ஆஸ்பத்திரியிலேயே மயக்க மருந்து நர்ஸ் ஓய்வு பெற்றார். அந்த இடம் அவளைத் தேடி வந்தது. அவள் எதிர்பார்த்துக் காத்திருந்த இடம். எமிலுக்குப் போனில் சொன்னாள். இங்கே வந்தால் என் மானம் போகும் என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக் கூரை ஒழுகுகிறது, உனக்கு வசதிப்படாது என்றார். அவள் விடவில்லை. ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது. யாராவது டாக்டரம்மா என்று கூப்பிட்டால் தானாகப் போய்த் திருத்த மாட்டாள். நேராகக் கேட்டால் மறைக்கவும் மாட்டாள். வாரப் பத்திரிகை என்ன போடுமோ என்று எமில் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எமில் வாவ்ராவின் மகள் ஊர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பொறுப்பை ஏற்றார் என்று மட்டும் போட்டிருந்தார்கள். பத்திரிகைக்காரனுக்குப் பாதிதான் தெரிந்திருக்கிறது, தப்பித்தோம் என்று எமில் பெருமூச்சு விட்டார்.

அவள் சேர்ந்து ஒரு வருடம் ஆனபோது, மார்ச் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. லாம்பர்ட் போகோர்னிக்குக் குடலிறக்க ஆபரேஷன். லாம்பர்ட், எமிலின் மேசைத் தோழர். பள்ளிக்கூட நாளிலிருந்து சேக்காளி. ஆபரேஷன் பண்ணுகிற டாக்டர் விட்கம் லிங்கனிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய் வருவார். இந்தச் செவ்வாயை விட்டால் ஏப்ரல் நடுவில். அதற்குப் பிறகு ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. அதற்குள் சோளம் விதைக்கிற பருவம் முடிந்துவிடும். லாம்பர்ட்டுக்கு இது வயிற்றுப் பிரச்சினை இல்லை, ஒரு வருட விளைச்சல்.

பத்து மணிக்கு ஆபரேஷன். ஒன்பதே காலுக்கு ஜனெல் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நடுராத்திரிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்ற தாளில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். கருப்புக் காபி, வேறு ஒன்றும் இல்லை, கடவுள் மேல் சத்தியம் என்றார். சத்தியம் அவள் கேட்கவே இல்லை. வெளியூர் ஆள் யாராக இருந்தாலும் அதை எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். ஜனெல் அந்த மேசையில் வளர்ந்தவள்.

"சரி லாம்பர்ட் மாமா. இன்னிக்குப் பகடைல யாரு தோத்தது?"

லாம்பர்ட் வாய்விட்டுச் சிரித்தார். "வேற யாரு, உங்கப்பன்தான். அஞ்சு தடவை உருட்டியும் ஒண்ணும் விழல அவனுக்கு."

"அப்ப தட்டும் அவர்தான் வாங்கிக் குடுத்தாரா?"

சிரிப்பு நின்றது. தட்டு என்ன தட்டு, அதெல்லாம் அந்தக் காலம் என்று லாம்பர்ட் மோட்டுவளையைப் பார்த்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தேகம் இருந்தால் உங்கப்பனையே கேள், இப்போதே போன் போட்டுக் கேள், அவன் சொல்லட்டும் என்று சவால் விட்டார். எமில் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நடைவழியில் டாக்டர் விட்கம் கையைக் கழுவப் போய்க்கொண்டிருந்தார். நோயாளி சாப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன், எட்டு மணி நேரம் போக வேண்டும் என்றாள். சாப்பிடவில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, மதியம் நான் கிளம்பியாக வேண்டும் என்றார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைத்துவிடு, முழு மயக்கம் வேண்டாம் என்றும் யோசனை சொன்னார். அந்த ஊசி சரியாக வேலை செய்யாமல் போனால் பாதியில் முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும், நிறைந்த வயிற்றோடு நான் ஆரம்பிக்க மாட்டேன் என்றாள். டாக்டர் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தார். சாப்பிட்டார் என்று நிரூபி, அப்புறம் பேசலாம் என்றார். கெட்டவர் இல்லை அவர். ஐந்து மணிக்கு எழுந்து பனியில் கார் ஓட்டி வந்தவர்.

மார்செல்லாவின் கடைக்குப் போன் போட்டாள். லாம்பர்ட் என்ன சாப்பிட்டார் என்று கேட்டதும், நான் அடுப்படியில் இருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று மார்செல்லா அவசரமாகச் சொன்னாள். எல்லோருமாகப் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். லாம்பர்ட்டின் சேதி தெரியட்டும் என்று மேசை அன்று இன்னும் கலையவில்லை; அப்பாவைக் கூப்பிடச் சொன்னாள். அந்தக் கடைப் போனின் சுருள் வயர் வட்ட மேசை வரைக்கும் நீளும். எமில் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, மூன்று ஜோடிக் கண்கள் பார்க்கப் போனை வாங்கினார்.

"அப்பா, லாம்பர்ட் மாமா காலைல என்ன சாப்பிட்டார்?"

"காபி" என்றார் எமில். குரலில் சுரத்தே இல்லை.

"அந்தத் தட்டு அவர் வயித்துல இருந்தா, நான் மருந்து குடுத்ததும் அது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போகும். மூச்சு முட்டும்பா. அப்புறம் நான் என்ன பண்ணினாலும் பத்தாமப் போகலாம்."

எமில் பகடைக் குவளையைத் தள்ளி வைத்தார். பிறகு டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"டாக்டர் ஆரம்பிக்கலாம்னு சொல்றார். நான் மாட்டேன்னு நிக்கிறேன்."

"நீ சொல்லி அவர் கேப்பாரா?"

"நான் தூங்க வெக்காம அவரால கத்தியத் தொட முடியாது."

"ஒரு நர்ஸ் சொல்லியா?" அவர் குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் அந்தச் சொல்லை மேசையில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டார்.

"ஆமாப்பா. நர்ஸ் சொல்லித்தான்."

எமில் போனின் வாயைப் பொத்தவில்லை. அதனால் அடுத்தது எல்லாம் ஜனெலுக்குக் கேட்டது. நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியது.

"ஒரு விஷயம் சொல்லணும். என் பொண்ணு டாக்டர் இல்ல. பாதில விட்டுட்டா. மயக்க மருந்து குடுக்கற நர்ஸு அவ. லாம்பர்ட்டைத் தூங்க வெக்கறதும் எழுப்பறதும் அவதான். அவகிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்."

 டீன் என்கிற நெட்டை மனிதர், மேசையிலேயே அதிகம் பேசாதவர், அவர்தான் வாயைத் திறந்தார்.

"அது எங்களுக்கு ஒன்பது வருஷமாத் தெரியுமே, எமில். என் மருமகளும் ஜனெல் இருந்த ஐ.சி.யு.லதானே வேல பாத்தா."

"அப்புறம் ஏண்டா தினமும் டாக்டரம்மா, டாக்டரம்மான்னு விசாரிச்சீங்க?"

"நீ அதைச் சொல்றப்ப சந்தோஷமா இருந்தே. அர்லீன் போனதுக்கப்புறம் நீ வேற எதுக்குச் சிரிச்சே? கெடுப்பானேன்னு விட்டுட்டோம்."

ஜனெல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். பத்திரிகையில் வந்த அந்த ஒற்றை வரி அவளுக்கு ஞாபகம் வந்தது. பத்திரிகைக்காரனுக்கும் முழுசாகவே தெரிந்திருக்கிறது. ஊரே சேர்ந்து ஒரு மனிதனை ஒன்பது வருடம் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

எமில் மறுபடி போனுக்கு வந்தார். "எழுதிக்கோ. ரெண்டு முட்டை. நாலு சாசேஜ். பிஸ்கட், மேல குழம்பு, தட்டு நெறைய. ஆறரைக்கு முடிச்சான்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ரோலும் உண்டு. அதுல பாதி நான் தின்னுட்டேன்" என்றார்.

நாலு சாசேஜ் என்றதும் டாக்டர் விட்கம் கையுறையைக் கழற்றி எறிந்தார். இரண்டரைக்கு முன்னால் தொட மாட்டேன் என்று அவள் சொன்னாள். அதுவரை காத்திருக்க முடியாது என்று அவர் சொன்னார். லாம்பர்ட் உங்கப்பன் துரோகி என்று தலையணையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சண்டையை முடித்துவைத்தது மார்செல்லாவின் அடுப்படிதான். பதினொன்றரைக்கு டீன் ஒரு பெரிய தட்டை அலுமினியத் தாளால் மூடி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு கிண்ணம் நிறைய சில்லி என்கிற காரக் கறிக்குழம்பு, இரண்டு இலவங்கப்பட்டை ரோல். இது டாக்டருக்கு, மேசை அனுப்பியது, மிச்சம் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். விட்கம் முதலில் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு லிங்கனுக்குப் போன் போட்டு, மத்தியான நோயாளிகளை வேறு நாளுக்கு மாற்றச் சொன்னார். நான் பருத்த ஆள், ரோலை முடித்த கையோடு இவ்வளவு தூரம் கார் ஓட்டினால் எனக்கே தூக்கம் வரும் என்று நர்ஸ்களிடம் சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

இரண்டே முக்காலுக்கு ஜனெல் லாம்பர்ட்டின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தலையில் அவளுடைய பூப்போட்ட தொப்பி. சாயம் போகப் போகப் புதிதாக வாங்குவாள், ஆனால் எப்போதும் பூப்போட்டதுதான். லாம்பர்ட்டின் கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. எழுந்திருப்பேன் இல்லையா என்று கேட்டார். அதுக்குத்தான் காலையிலிருந்து சண்டை போட்டேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விதைப்புக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டாள். அவர் எண்ணிக்கொண்டே தூங்கிப்போனார்.

நாலரைக்கு லாம்பர்ட், ஆபரேஷன் முடிந்தவர்களைக் கண் விழிக்கிற வரை வைத்திருக்கிற அறையில் இருந்தார். எமில் எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும், மகள் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. விதைக் கம்பெனித் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்றார். உள்ளே ஜனெல் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். லாம்பர்ட்டின் ஒரு கை அவள் கைக்குள் இருந்தது. இப்போது குமட்டும், பயப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லாம்பர்ட் குமட்டினார். வாயைத் துடைத்துவிட்டாள்.

எமில் அசையாமல் நின்றார். அவர் பார்வை மகளின் தொப்பிக்குப் போயிற்று, அங்கிருந்து முக்காலிக்கு வந்தது, மறுபடி தொப்பிக்குப் போயிற்று. ஜனெல் நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. அவள் எழுந்திருக்கப் போனாள். வேண்டாம், அவனை விட்டுவிட்டு வராதே என்று கையைக் காட்டினார்.

"அன்னிக்கு அம்மா தலைமாட்டுல உக்காந்திருந்தது டாக்டர் இல்ல. இல்லியா?"

"இல்லப்பா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணாவது வருஷம். ஒரு சிசேரியன்ல நின்னப்ப பாத்தேன். பாத்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"அதுக்குத்தான் விட்டியா?"

"அதுக்குத்தான்."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலியேப்பா."

அவர் தொப்பியை இப்படியும் அப்படியும் திருப்பினார். கண் கலங்கியதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. அழுது பழக்கமில்லாத ஆள்.

"அப்ப நான் என்ன கேட்டேனோ அதைத்தான் நீ செஞ்சிருக்கே" என்றார். "எனக்குத்தான் அதுக்கு என்ன பேருன்னு தெரியல."

ஜனெலுக்கும் கண் நிறைந்துவிட்டது. ஒரு கை லாம்பர்ட்டிடம் இருந்ததால், தோள்பட்டையை உயர்த்திக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். எமில் இன்னொரு முக்காலியைத் தேடி எடுத்து வந்து லாம்பர்ட்டின் மறு பக்கத்தில், அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.  லாம்பர்ட் கண்ணைத் திறக்காமலே, இவன் எதற்கு இங்கே வந்தான் என்று கேட்டார்.

"நாளைக்குக் காலைல மேசைல இதையும் சொல்லணும்" என்றார் எமில்.

"சொல்லுங்க" என்றாள் ஜனெல். "அதுவும் அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."